பனங்களி, பணியாரம், பனாட்டு, பாத்தி: விழுந்த பனம்பழத்தை வீணாக்காமல் பயன்படுத்த முழுமையான வழிகாட்டி

யாழ்ப்பாணத்திலும் தீவுப்பகுதிகளிலும் வளர்ந்தவர்களுக்குப் பனங்காயின் வாசம் மறப்பதில்லை. ஆனால் சிறுவயதில் தின்றது பெரியவர்கள் செய்து கொடுத்த பணியாரத்தையும் பாயிலிருந்து உரித்த பனாட்டையும் (பழக்கூழைப் பாயில் பூசிக் காயவைத்த தகடு)தான். பழத்துக்கும் பணியாரத்துக்கும் நடுவே இருந்த வேலையைப் பலரும் அருகில் நின்று பார்த்ததில்லை. அதனால் வளர்ந்த பிறகு முதன்முறை செய்கிறவர்கள் ஒரே இடங்களில் தவறுகிறார்கள். பத்துக் காய்களை ஒன்றாகப் பிழிந்துவிட்டு, களி (பழத்திலிருந்து பிழிந்த கூழ்) கசக்கிறதே என்று முழிக்கிறார்கள். காயைச் சுட்டுத் தின்றுவிட்டு, அந்த விதையைப் பாத்தியில் (விதை முளைக்கவிடும் மண்மேட்டில்) போட்டுப் பனங்கிழங்குக்குக் காத்திருக்கிறார்கள். புரட்டாசிக் கடைசியில் பாயை விரித்து, மழையில் பனாட்டைப் பறிகொடுக்கிறார்கள்.

மூன்றும் வரிசை பிசகுவதால் வருபவை. பனங்காயில் எதைச் செய்கிறோம் என்பதைவிட எதை முதலில் செய்கிறோம் என்பதுதான் முக்கியம்.

1. காலத்தைக் கணக்கிடுங்கள்

பனம்பழம் ஆடியில் விழத் தொடங்கி, ஆவணி, புரட்டாசி வரை விழும். சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) வீசும் நாட்களில் ஒரே இரவில் நிறைய விழும். வடகீழ்ப் பருவமழை ஐப்பசியில் கனக்கத் தொடங்கும். உங்கள் வேலை முழுவதும் இந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும்.

பனாட்டுக்கு இரண்டிலிருந்து மூன்று வாரம் தொடர் வெய்யில் வேண்டும். ஆகவே பனாட்டுப் போட நினைப்பவர் ஆவணி நடுப்பகுதிக்குள் பாயை விரித்துவிட வேண்டும். நல்லூர்த் திருவிழா நடக்கும் நாட்கள் பெரும்பாலும் இதற்குப் பொருத்தமாக அமையும். பணியாரத்துக்குக் கால நெருக்கடி இல்லை. பழம் விழும் வரை செய்யலாம். பாத்தி மட்டும் மழைக்கு முன்னே தயாராகி இருக்க வேண்டும், ஏனென்றால் மழைநீர்தான் கிழங்கை வளர்க்கப் போகிறது.

முதற்பழங்கள் பனாட்டுக்கு, நடுவில் விழுபவை பணியாரத்துக்கும் பனாட்டின் மேற்பூச்சுகளுக்கும், கடைசியில் விழுபவை பணியாரத்துக்கு மட்டும். விதை எல்லாவற்றிலிருந்தும் பாத்திக்குப் போகலாம்.

2. முன்கூட்டியே எடுத்து வைக்க வேண்டியவை

பழம் வீட்டுக்கு வந்த பிறகு பாத்திரம் தேடினால் களி புளித்துவிடும். முதல் நாளே இவற்றைத் தயார் செய்யுங்கள்:

- அகன்ற வாய்ச் சட்டி அல்லது பேசின் இரண்டு. ஒன்று பிழிய, மற்றது வடித்து ஊற்ற.
- பாரமான வெட்டுக்கத்தி. காம்புப் பக்கத்தை வெட்ட மட்டும்.
- கண் அகன்ற வடி. தேநீர் வடி உதவாது. களி அதில் இறங்காது. நுளம்புவலை (கொசுவலை)த் துணியை இரண்டாக மடித்துக் கட்டினால் போதும்.
- அடி தடித்த தாச்சி (வாணலி), நீளப் பிடி உள்ள அகப்பை.
- பனாட்டுக்குப் புதிய பனையோலைப் பாய், அதை ஏற்றிக் கட்ட நான்கு கால் நட்ட பந்தல், மூட மெல்லிய வலை.
- பழைய உடுப்பு. களியின் செம்மஞ்சள் நிறம் துணியில் ஏறினால் இலேசில் போகாது.

சீனி, மா, எண்ணெய் எல்லாம் பிறகு. களி ருசி பார்த்த பின்பே அவற்றின் அளவைத் தீர்மானிக்க முடியும்.

3. பழத்தைப் பொறுக்குதல்

தானாக விழுந்ததுதான் பழுத்தது. ஏறி வெட்டிய காய் வெளியே கறுத்திருந்தாலும் உள்ளே களி இறுகி, துவர்ப்போடு இருக்கும். அதை வைத்துப் பழுக்கவிட்டாலும் விழுந்த பழத்தின் இனிப்பு வராது.

அதிகாலையில் பொறுக்குங்கள். இரவில் விழுந்ததை விடிந்ததும் எடுத்தால் மாடும் எறும்பும் முந்தாது. காற்று அடிக்கும் நேரத்தில் காய் உள்ள மரத்தின் கீழ் நிற்க வேண்டாம். ஒரு காய் ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். அந்த உயரத்திலிருந்து தலையில் விழுந்தால் உயிருக்கே ஆபத்து. பிள்ளைகளை அனுப்புகிறவர்கள் இதைச் சொல்லி அனுப்புங்கள்.

நல்ல பழத்தின் அடையாளங்கள்: தோல் கறுப்பும் காம்புப் பக்கம் செம்மஞ்சளுமாக இருக்கும். பெருவிரலால் அழுத்தினால் சற்று அமிழும். காம்பைச் சுற்றியுள்ள இதழ்கள் கையோடு கழன்று வரும். வாசம் இனிப்பாக, ஆழமாக இருக்கும். கள்ளைப் போலப் புளித்த வாசம் வந்தால் உள்ளே நொதிக்கத் தொடங்கிவிட்டது. அதை உணவுக்கு எடுக்காமல் நேரே விதைக்கு ஒதுக்குங்கள்.

விழுந்தபோது வெடித்த பழத்தை அன்றே பயன்படுத்த வேண்டும். வெடிப்பில் ஈயும் வண்டும் முட்டையிடும். இரண்டாம் நாள் திறந்தால் புழு நெளியும். வெடிக்காத பழம் நிழலில் இரண்டு நாள் தாங்கும், அதற்கு மேல் வேண்டாம்.

இங்கே ஒரு பழக்கத்தைக் கட்டாயம் கைக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு மரத்துப் பழத்தையும் தனித்தனிக் கடகத்தில் (ஓலைக்கூடையில்) போடுங்கள். காரணம் அடுத்த படியில்.

4. ருசி பார்த்துப் பிரித்தல்

இந்த வழிகாட்டியில் ஒரு படியை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், இதை வையுங்கள்.

பனங்களியில் பிளாபெலிஃபெரின் என்ற சபோனின் வகைப் பொருட்கள் உள்ளன. கசப்பு அவற்றால் வருகிறது. சபோனின் என்பது தண்ணீரில் நுரைக்கும் பொருள். பனங்களியைப் பிசையும்போது நுரை வருவதும், முன்பு ஊர்களில் அதைக் கொண்டு துணி தோய்த்ததும் இதனால்தான். இந்தக் கசப்பு மரத்துக்கு மரம் மாறும். ஒரே வளவில் ஒரு பனை தேனாக இருக்கும், பக்கத்துப் பனை வாயில் வைக்க முடியாது.

காம்புப் பக்கத்தை வெட்டியதும் சுண்டுவிரல் நுனியளவு களியை எடுத்து நாக்கில் வையுங்கள். உடனே முடிவு சொல்ல வேண்டாம். முதலில் இனிப்புத்தான் தெரியும். கசப்பு பின்னால் எழும், காறல் அதற்கும் பின்னால் தொண்டையில் பிடிக்கும். அரை நிமிடம் பொறுத்திருந்து பாருங்கள். அடுத்த காயைச் சுவைக்கும் முன் வாயைக் கொப்பளியுங்கள், இல்லாவிட்டால் நல்ல காயும் கசக்கும்.

மூன்றாகப் பிரியுங்கள்:

இனிப்பும் வாசமும் மட்டும் உள்ளவை பனாட்டுக்கு. காய்ந்து வற்றும்போது எல்லாச் சுவையும் செறிவாகும் என்பதால், பச்சைக் களியில் மெல்லிதாக இருக்கும் கசப்புப் பனாட்டில் வலுவாகத் தெரியும். ஆகவே மிகச் சிறந்த காய்கள் பனாட்டுக்கே.

இலேசாகக் காறுபவை பணியாரத்துக்கு. காய்ச்சுவதும் சீனியும் மாவும் அதை அடக்கும்.

நன்றாகக் கசப்பவை விதைக்கு மட்டும். கிழங்குக்குக் களியின் கசப்பால் ஒரு குறையும் இல்லை.

புதியவர்கள் ‘ஒரு காய்தானே’ என்று கசந்த காயையும் சட்டியில் சேர்த்துவிடுவார்கள். ஒரு கசப்புக் காய் ஒன்பது நல்ல காய்களின் களியைக் கெடுக்கும். பிறகு எவ்வளவு சீனி போட்டாலும் முதலில் இனித்துக் கடைசியில் கசக்கும். அதைத் திருத்த வழியில்லை.

நல்ல மரத்தை அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள். மரத்தில் ஒரு சுண்ணாம்புக் கோடு போதும். அடுத்த ஆண்டு பாதி வேலை குறையும்.

5. சுடுவதா, பச்சையாகப் பிழிவதா

தோலை உரிக்கும் முன் இதைத் தீர்மானிக்க வேண்டும். சுட்டால் களி இளகி, தோல் தானாகக் கழன்று, புகைவாசத்தோடு சுவை கூடும். ஆனால் சூட்டில் விதைக்குள் இருக்கும் முளை இறந்துவிடும். அவித்தாலும் அப்படியே. சுட்ட காயின் விதையைப் பாத்தியில் போட்டால் அழுகுமே தவிர முளைக்காது.

உடனே தின்பதற்கும் சிறிய அளவு பணியாரத்துக்கும் சுடலாம். பொச்சுமட்டை, காய்ந்த பன்னாடை போட்ட தணலில் காயை முழுதாக வைத்து, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை உருட்டுங்கள். இருபது முதல் முப்பது நிமிடத்தில் தோல் கருகி வெடித்து, சாறு ‘சுர்’ரென்று கசியும். அதுதான் பதம். கொழுந்துவிட்டு எரியும் நெருப்பில் வைத்தால் மேலே கரியும், உள்ளே பச்சையாகவே இருக்கும்.

பனாட்டுக்கும் பாத்திக்கும் பச்சையாகப் பிழிவதே சரி.

6. தோல் உரித்துக் களி பிழிதல்

காம்புப் பக்க இதழ்களைக் கழற்றுங்கள். வெட்டிய விளிம்பிலிருந்து கறுப்புத் தோலைக் கையால் நாடாப் போல இழுத்து உரியுங்கள். பழுத்த காயில் தோல் நீள நீளமாக வரும். துண்டு துண்டாகப் பிய்ந்தால் காய் இன்னும் ஒரு நாள் இருக்கட்டும். தோல் துணுக்குகளைக் களியில் விழவிடாதீர்கள், அவை துவர்க்கும்.

உரித்த காயை இரண்டு கையாலும் பிளந்தால் விதைகள் தனித்தனியாகப் பிரியும். ஒரு காயில் ஒன்று முதல் மூன்று விதை இருக்கும். ஒவ்வொரு விதையும் செம்மஞ்சள் தும்பு (நார்) போர்த்தியபடி வரும். களி அந்தத் தும்புக்குள்தான் இருக்கிறது.

முதற்பிழிவுக்குத் தண்ணீர் சேர்க்காதீர்கள். விதையை உள்ளங்கைகளுக்கு நடுவே வைத்து, தும்பு படிந்திருக்கும் போக்கிலேயே பிசைந்து வழித்து எடுங்கள். எதிர்ப்போக்கில் இழுத்தாலோ கத்தியால் சுரண்டினாலோ தும்பு அறுந்து களியில் கலக்கும். அறுந்த தும்பை வடிப்பது பெரும்பாடு. பணியாரத்தில் பல்லிடுக்கில் சிக்கும்.

பிறகு இரண்டாம் பிழிவு. மூன்று விதைக்கு அரைக் கோப்பை தண்ணீர் தெளித்து மீண்டும் பிசைந்தால் மீதிக் களி இளகி வரும். இந்தக் களியைத் தனிச் சட்டியில் வையுங்கள். முதற்பிழிவு பனாட்டுக்கு, இரண்டாம் பிழிவு பணியாரத்துக்கு. இரண்டையும் சேர்த்துவிட்டால் பனாட்டு காய இரட்டிப்பு நாள் எடுக்கும், அதற்குள் புளித்துவிடும்.

நடுத்தரக் காய் ஒன்றில் இரண்டு பிழிவும் சேர்ந்து ஒன்று முதல் ஒன்றரைக் கோப்பை களி கிடைக்கும். இங்கே கோப்பை என்பது 250 மில்லிலீற்றர்.

வடியில் ஊற்றி அகப்பையின் பின்புறத்தால் அழுத்தித் தேயுங்கள். வடியில் நிற்கும் தும்பை எறியும் முன் ஒருமுறை பிழிந்து பாருங்கள், நல்ல களி இன்னும் வரும்.

பிழிந்த களி காத்திருக்காது. நம் ஊர்ச் சூட்டில் மூன்று நான்கு மணி நேரத்தில் மேலே சிறு குமிழிகள் எழும். அது நொதித்தலின் தொடக்கம். ஆகவே காலையில் பிழிந்தால் முற்பகலுக்குள் பாயில் பூசவோ அடுப்பில் ஏற்றவோ வேண்டும். பகல் முழுவதும் ஆறுதலாகப் பிழிந்து, இரவில் காய்ச்சலாம் என்று நினைப்பது பெரிய தவறு.

7. களியைக் காய்ச்சுதல்

பணியாரத்துக்கும், சேமித்து வைப்பதற்கும் இது கட்டாயம். பாயில் போடும் களிக்கு இது வேண்டாம்.

அடி தடித்த தாச்சியில் ஊற்றி, மெல்லிய நெருப்பில் இடைவிடாமல் கிளறுங்கள். களி கெட்டியானது என்பதால் கொதி வரும்போது சேற்றுக்குமிழி போல வெடித்துத் தெறிக்கும். கையில் பட்டால் ஒட்டிக்கொண்டு சுடும். நீள அகப்பை கேட்டது இதற்காகத்தான்.

பதினைந்து முதல் இருபது நிமிடத்தில் மூன்று மாற்றங்கள் தெரியும்: நிறம் மஞ்சளிலிருந்து ஆழ்ந்த செம்மஞ்சளாகும், பச்சை வாடை போய் பழப்பாகு வாசம் வரும், அகப்பையால் கோடு இழுத்தால் அடி ஒரு கணம் தெரியும். அப்போது இறக்குங்கள்.

காய்ச்சினால் இலேசான காறல் அடங்கும். ஆழ்ந்த கசப்பு அடங்காது. இன்னும் காய்ச்சினால் போகுமென்று ஒரு மணி நேரம் கிளறினால் அடிப்பிடித்துக் கருகல் கசப்பும் சேரும். இறக்கியபின் ஆறவைத்துச் சுவையுங்கள். கசந்தால் அந்தச் சட்டியை விட்டுவிடுங்கள். மாவையும் எண்ணெயையும் அதன்மேல் செலவழிக்காதீர்கள்.

சேமிப்பதானால் நன்றாக ஆறவிட்டு, ஒரு கோப்பை, இரண்டு கோப்பை என்று பிரித்து உறைபெட்டியில் வையுங்கள். அடுத்த பருவம் வரை இருக்கும். ஒரே பெரிய கட்டியாக வைத்தால், ஒவ்வொரு முறையும் முழுவதையும் இளக்கி மீண்டும் உறையவைக்க நேரும்; அதில் வாசம் போய்விடும். வெளிநாட்டில் போத்தல் களி வாங்குகிறவர்களும் இந்தப் படியிலிருந்தே தொடங்கலாம். ஆனால் போத்தலைத் திறந்ததும் முதலில் சுவைத்துப் பாருங்கள்.

8. பனங்காய்ப் பணியாரம்

காய்ச்சிய களி 2 கோப்பை, சீனி முக்கால் கோப்பை, கோதுமை மா 2 கோப்பை, வறுத்த அரிசி மா கால் கோப்பை, உப்பு அரைத் தேக்கரண்டி. பொரிக்கத் தேங்காயெண்ணெய் அல்லது நல்லெண்ணெய்.

சீனியைக் களி சூடாக இருக்கும்போதே போட்டுக் கரையுங்கள். கரையாத சீனி எண்ணெயில் கருகிக் கரும்புள்ளியாகும். சீனிக்குப் பதில் பனங்கட்டி போட்டால் வாசம் கூடும், நிறமும் கறுக்கும். அதைச் சீவிக் கரைத்து, வடித்துச் சேருங்கள்.

பிறகு கலவை முழுதாக ஆறட்டும். இங்கேதான் அவசரம் கெடுக்கும். சூடான களியில் மாவைப் போட்டால் மா வெந்து பசையாகும். அந்தப் பசைக்கு இன்னும் மா கேட்கும். கடைசியில் பணியாரம் இரப்பர் போல இழுபடும். கைவிரலை உள்ளே விட்டால் சூடே தெரியக் கூடாது.

மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருங்கள். மேலே சொன்ன அளவு ஒரு வழிகாட்டல்தான். களியின் ஈரப்பதம் மரத்துக்கு மரம் மாறுவதால், மாவின் அளவைக் கைதான் சொல்ல வேண்டும். ஒரு பிடி எடுத்துக் கையைக் கவிழ்த்தால் உடனே வழியாமல், மெல்ல மெல்ல நழுவி விழ வேண்டும். உருட்ட வருமளவு கெட்டியாக இருந்தால் மா கூடிவிட்டது. அப்படியானால் இரண்டு கரண்டி களியைச் சேர்த்துத் தளர்த்துங்கள், தண்ணீர் வேண்டாம். வறுத்த அரிசி மா வெளிப்புறத்தை மொறுமொறுப்பாக்கும், அதிகமானால் பணியாரம் வெடிக்கும்.

அரை மணி நேரம் மூடி வையுங்கள். மா ஈரத்தை உறிஞ்சி இறுகும். அதன் பிறகு பதத்தை மீண்டும் ஒருமுறை பாருங்கள்.

தாச்சியில் மூன்று விரல் ஆழத்துக்கு எண்ணெய். நடுத்தர நெருப்பு. ஒரு துளி மாவைப் போட்டால் அடியில் போய், இரண்டு நொடியில் மேலே வர வேண்டும். உடனே மேலெழும்பிக் கறுத்தால் எண்ணெய் அதிகம் சூடு. அடியிலேயே கிடந்தால் சூடு போதாது.

மாவைக் கைப்பிடிக்குள் எடுத்து, பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையால் பிதுக்கி விடுங்கள். நெல்லிக்காயளவு போதும். பெரிதாகப் போட்டால் சீனியால் மேற்புறம் விரைவாகச் சிவந்துவிடும், நடு வேகாது. முதல் இரண்டை மட்டும் பொரித்து, பிளந்து, சுவைத்துப் பாருங்கள். உப்போ சீனியோ மாவோ குறைந்தால் அப்போதே திருத்தலாம். தாச்சி நிறையப் போடாதீர்கள். எண்ணெயின் சூடு இறங்கி எல்லாம் எண்ணெய் குடிக்கும்.

ஆழ்ந்த செம்பழுப்பில் எடுங்கள். தாச்சியை விட்டெடுத்த பிறகும் ஒரு படி கறுக்கும். ஆகவே விரும்பும் நிறத்துக்குச் சற்று முன்னே எடுக்க வேண்டும்.

சூட்டோடு பெட்டியில் அடைத்தால் ஆவி நின்று நைந்துவிடும். சுளகில் (முறத்தில்) பரப்பி முழுதாக ஆறவிடுங்கள். அன்றே தின்னலாம், ஆனால் மறுநாள்தான் களியின் வாசம் மாவில் இறங்கிப் பணியாரம் முழுச்சுவை அடையும். மூடிய பாத்திரத்தில் மூன்று நாள் இருக்கும்.

தவறினால் காரணம் இப்படி: கல்லாக இறுகியது என்றால் மா கூடிவிட்டது. எண்ணெய் சொட்டினால் மா தளர்ந்திருக்கிறது அல்லது எண்ணெய் சூடேறவில்லை. வெளியே கருகி உள்ளே பச்சையாக இருந்தால் நெருப்பு அதிகம், அல்லது அளவு பெரிது. தின்றபின் தொண்டை கரகரத்தால் 4ஆம் படிக்குத் திரும்புங்கள்.

9. பனாட்டு

பனாட்டு என்பது களியைப் பாயில் பூசிக் காயவைத்து, அதன்மேல் மீண்டும் மீண்டும் பூசி எடுப்பது. தடிப்பாக ஒரே தடவை ஊற்றிக் காயவைக்க முடியாது. மேல்தோல் காய்ந்து மூடிக்கொள்ளும், உள்ளே ஈரம் அடைபட்டுப் புளித்துப் பூஞ்சணம் பிடிக்கும். ஒவ்வொரு பூச்சும் மெல்லியதாக இருப்பதற்குக் காரணம் அதுவே.

*இடம்.* நாள் முழுவதும் வெய்யில் விழும் இடத்தில், தலையுயரப் பந்தல். நாயும் கோழியும் எட்டக் கூடாது. அதைவிட முக்கியம், சோளகம் நிலத்து மணலை வாரி வீசும். பனாட்டில் ஒட்டிய மணலை எடுக்க முடியாது. காற்று வரும் பக்கம் ஓலைத்தட்டி ஒன்றைச் சாய்த்து வையுங்கள்.

*பாய்.* சாயம் போடாத புதிய ஓலைப்பாய். கழுவி, முதல் நாள் முழுவதும் காயவிடுங்கள். மூன்றடிக்கு இரண்டடிப் பாயில் ஒரு பூச்சுக்கு ஆறேழு கோப்பை களி பிடிக்கும். அதாவது நாளொன்றுக்கு ஐந்தாறு காயாவது வேண்டும். உங்கள் வளவில் நாளுக்கு எத்தனை நல்ல காய் விழுகிறதோ அதற்கேற்ற பாயை விரியுங்கள். பெரிய பாயை விரித்துவிட்டுக் களி போதாமல் போனால், நல்ல காயோடு கசப்புக் காயையும் சேர்க்க மனம் தூண்டும்.

*பூச்சு.* காலை வெய்யில் ஏறியதும் களியை ஊற்றி, கையால் மூன்று மில்லிமீற்றர் அளவில் சீராகப் பரப்புங்கள். ஓரம் மெலிந்தால் அது முதலில் காய்ந்து கருகி உடையும்; ஓரத்தைச் சற்றுத் தடிப்பாக விடுவது நல்லது. வலையால் மூடுங்கள், வலை களியில் படாமல் நான்கு மூலையிலும் குச்சி நடுங்கள்.

*அடுத்த பூச்சு.* விரலால் தொட்டால் ஒட்டாத பதத்தில்தான் அடுத்தது. நல்ல வெய்யிலில் மறுநாள் காலை ஆகும். மப்பும் மந்தாரமுமாக இருந்தால் ஒரு நாள் பூசாமல் விடுங்கள். ஈரத்தின்மேல் ஈரம் பூசுவதால்தான் பெரும்பாலான பனாட்டுகள் புளிக்கின்றன.

மாலை வெய்யில் தாழ்ந்ததும் பாயோடு உள்ளே எடுத்து வையுங்கள், அல்லது மேலே காய்ந்த பாயால் மூடுங்கள். பனி இறங்கினால் பகலில் காய்ந்ததெல்லாம் திரும்ப இளகும்.

பத்துப் பன்னிரண்டு பூச்சில் சுண்டுவிரல் தடிப்பு வரும். கடைசிப் பூச்சுக்குப் பிறகு இரண்டு மூன்று நாள் சும்மா காயவிடுங்கள். வளைத்தால் தோல் போல வளைய வேண்டும், உடையக் கூடாது. கிழித்த இடத்தில் ஈரம் மினுங்கக் கூடாது.

*உரித்தல்.* ஓரத்தை மெல்லக் கிளப்பி, பனாட்டைப் பிடித்து இழுக்காமல் பாயைப் பின்னால் மடித்து மடித்து உரியுங்கள். அடிப்பக்கத்தில் பாயின் பின்னல் தடம் பதிந்திருக்கும். உரித்தபின் அடிப்பக்கத்தை மேலாக்கி ஒரு நாள் வெய்யில் காட்டுங்கள். இதைப் பலர் மறக்கிறார்கள். பூஞ்சணம் அடியிலிருந்தே தொடங்கும்.

*வைப்பு.* கைப்பிடி அகலத்தில் வெட்டி, ஓலைப்பெட்டியில் இட்டு, அடுப்புப் புகை படும் இடத்தில் கட்டித் தொங்கவிடுவது பழைய முறை. புகையும் சூடும் ஈரத்தையும் பூச்சியையும் விலக்கும். எரிவாயு அடுப்பு வீட்டில் அது நடவாது. காற்றுப் புகாத போத்தலில் அடைத்துக் குளிர்ப்பெட்டியில் வையுங்கள். எங்காவது பூஞ்சணம் கண்டால் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிவது போதாது. அந்தத் துண்டு முழுவதையும் எறியுங்கள்.

வெய்யில் இல்லாத நாட்டில் இருப்பவர்கள் மின்னடுப்புத் தட்டில் எண்ணெய்த்தாள் விரித்து, மூன்று மில்லிமீற்றர் பூசி, 60 பாகை செல்சியஸில் கதவைச் சற்றுத் திறந்து வைத்து எட்டுப் பத்து மணி நேரம் காயவைக்கலாம். இரண்டு மூன்று பூச்சோடு நிறுத்துங்கள். பாயின் தடமும் வெய்யில் வாசமும் கிடைக்காது, சுவை கிட்டவரும்.

பாணிப் பனாட்டு (பனம்பாகில் ஊறவைத்த பனாட்டு) வேண்டுமென்றால், நன்றாகக் காய்ந்த பனாட்டைச் சிறு துண்டுகளாக வெட்டி, கெட்டியாகக் காய்ச்சி ஆறவைத்த பனம்பாணியில் அமிழும்படி போடுங்கள். வறுத்து இடித்த மிளகும் சீரகமும் சிறிதளவு சேர்க்கலாம். பாணி தண்ணீராக இருந்தால் நுரைத்துவிடும். ஈரக் கரண்டி போட்டாலும் அதேதான். சில வாரம் ஊறிய பிறகு எடுங்கள்.

10. விதையைப் பாத்திக்கு அனுப்புதல்

பச்சையாகப் பிழிந்த விதைகளை நிழலில் குவித்து வையுங்கள். கடும் வெய்யிலில் நாட்கணக்கில் கிடந்தால் முளை வறண்டுவிடும். பத்து நாளுக்குள் பாத்தியில் இடுவது நல்லது.

யாழ்ப்பாணத்து நிலத்தில் பல இடங்களில் தோண்டியதும் சுண்ணாம்புக்கல் தட்டும். பனங்கிழங்கு நேர்கீழே ஒரு அடிக்கு மேல் இறங்கும். கல்லில் முட்டினால் வளைந்து முறுகும். அதனால்தான் பாத்தியைத் தோண்டாமல் மேலே உயர்த்திப் போடுகிறோம். மணற்பாங்கான மண்ணைக் கொத்தி, கல் பொறுக்கி, இரண்டடி உயரத்துக்கு மேடாக்குங்கள். காலால் மிதித்து இறுக்க வேண்டாம்.

விதைகளை ஒன்றோடொன்று முட்டும்படி நெருக்கமாகப் பரப்புங்கள். கிழங்கு கீழ்நோக்கி நேராக இறங்குவதால் நெருக்கம் பாதிக்காது. மேலே இரண்டங்குல மணல், அதன்மேல் காய்ந்த ஓலை. மழை பிடிக்கும் வரை மண் காயாமல் இடையிடையே தண்ணீர் தெளியுங்கள். தேங்கினால் விதை அழுகும்.

தை மாதம் ஒரு மூலையில் இரண்டைத் தோண்டிப் பாருங்கள். கிழங்கு பெருவிரல் தடிப்பில் நேராக இருந்து, குருத்தோலை இன்னும் வெளியே வரவில்லையென்றால் கிண்டும் நேரம். குருத்து வெளியே வந்துவிட்டால் கிழங்கின் மாப்பொருளை அது எடுத்துக்கொள்ளும், கிழங்கு நாராகிவிடும். மாசி கடந்தும் காத்திருக்கும் பாத்திகளில் இதுதான் நடக்கிறது.

ஓரத்திலிருந்து பள்ளம் வெட்டி, பக்கவாட்டில் மண்ணைச் சரித்து எடுங்கள். மேலிருந்து மண்வெட்டியால் கொத்தினால் பாதிக் கிழங்கு முறியும். விதையை வெட்டிப் பிளந்தால் உள்ளே வெள்ளையாகப் பூரான் (முளைத்த விதைக்குள் இருக்கும் தின்னக்கூடிய பருப்பு) இருக்கும்; அதை அன்றே தின்றுவிடுங்கள், வைத்தால் புளிக்கும். மிஞ்சிய ஊமலை (விதையின் வெற்று ஓட்டை) வெய்யிலில் காயப்போடுங்கள். அடுத்த ஆடியில் காய் சுடும்போது அந்தத் தணலுக்கு அதையே போடலாம்.